விராலின் வாய்க்கு ஏற்ற தூண்டில்

விரால் தன் மூச்சால்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கோரைக்கு நடுவே அசையாமல் கிடக்கும் தண்ணீரில் ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம், உருண்டையாக ஒரு சுழி, அப்புறம் நாலைந்து குமிழி. மீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயிருக்கும். ஆம்பூருக்குப் பக்கத்து ஏரி ஒன்றின் கரையில் எனக்கு எட்டு வயதிருக்கும்போது மாமா என் தோளைத் தட்டி, “இன்னாடா பாத்துனு கீற? மூச்சு வுட்டுது பாரு, அங்கதான் கீது” என்றார். தூண்டில் போடுவது பற்றி நான் கற்ற முதல் பாடம் அது. ராடும் ரீலும் நூலும் அதற்குப் பிறகு வந்தவை. இந்த அத்தியாயமும் அந்த வரிசையில்தான் போகும்.

விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, ஒரு சிறிய அறை இருக்கிறது. அதன் சுவரில் ரத்த நாளங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வரவிடாமல் வலையில் சிக்கவைத்தால் மீனாக இருந்தும் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கோடையில் ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை காத்திருக்கக்கூடியதும், சந்தையில் ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் இருக்கும் அலுமினிய அன்னக்கூடையில் நாள் முழுக்க உயிரோடு கிடப்பதும் இந்த அறையின் தயவில்தான்.

இங்கிலாந்திலும் வட ஐரோப்பாவிலும் தூண்டில்காரர்கள் பைக் என்ற மீனைச் சுற்றி ஒரு தனிக் கலையையே வளர்த்திருக்கிறார்கள். எந்த நீளத் தடி, எவ்வளவு தாங்கும் நூல், எந்த அளவு முள் என்று அதற்கென்றே புத்தகங்கள் உண்டு. அந்த மீன் நம் நாட்டில் இல்லை. ஆனால் பாசி ஓரத்தில் மரக்கட்டைபோல் அசையாமல் கிடந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் உடலை வில்லாக வளைத்து ஒரே பாய்ச்சலில் கவ்வும் அதன் வேட்டைமுறை அப்படியே நம் விராலிடம் இருக்கிறது. இரண்டும் உறவு மீன்கள் அல்ல. ஒரே தொழில் இரண்டையும் ஒரேபோல் வடித்திருக்கிறது. அதனால் பைக் தூண்டில் பற்றிய அறிவில் பாதி நமக்குப் பொருந்தும். பொருந்தாத மறுபாதியைத் தெரிந்துகொள்ளாமல் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துச் சாமான் வாங்குகிறவர்கள்தான் ஏரிக்கரையில் தலையில் கைவைத்து உட்காருகிறார்கள்.

விராலுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் வாழ்ந்த மார்கஸ் எலியேசர் பிளாக், ஆண்டு 1793. நம் பக்கத்து மீன்களைச் சாராயத்தில் ஊறவைத்து அவருக்குக் கப்பலில் அனுப்பிவந்தவர் தரங்கம்பாடி மிஷனரி ஜான். இன்றைய பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா; பின்சொல்லுக்கு ‘வரியுடையது’ என்று பொருள். அந்த வரியை நம்மவர்கள் வெகுகாலம் முன்பே கவனித்துவிட்டார்கள். அகநானூற்றின் 36ஆம் பாடலில் மதுரை நக்கீரர் ஒரு பெரிய ஆண் விராலைக் காட்டுகிறார். அகன்ற வாயும் உடலெங்கும் வரியும் கொண்ட அந்த மீன், வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்கிவிடுகிறது. தூண்டில்காரன் இழுக்கிறான், வர மறுக்கிறது. ஆம்பல் இலையைக் கிழித்து, குவளையைச் சிதைத்து, வள்ளைக்கொடியைக் குழப்பி, கயிறு கட்டிய முரட்டுக் காளையைப்போல் குளத்தையே கலக்குகிறது. தூண்டில் வாங்கப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தப் பாட்டைத்தான். மீனின் வாய், வளைந்த முள், செடிகொடி, இழுவிசை என்று இந்தத் தொழிலின் நான்கு சிக்கல்களும் அதில் இருக்கின்றன.

முதலில் வாய். விராலின் கீழ்த்தாடையிலும் அண்ணத்திலும் கூரிய பற்கள் உண்டு. ஆனால் அவை பிடித்து நிறுத்தும் பற்கள், அறுக்கும் பற்கள் அல்ல. பைக்கின் பல் நூலை அறுத்துவிடும். ஆகவே முள்ளுக்கு மேலே கம்பி கட்டாமல் அதற்குத் தூண்டில் போடுவதை அங்கே குற்றமாகவே கருதுகிறார்கள். விராலுக்குக் கம்பி வேண்டாம். கம்பி கட்டினால் இரையாகக் கட்டும் ரப்பர் தவளையின் மூக்கு கனத்து, அது நீந்தும் அழகு கெடும். பயமாக இருந்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிமனில் ஒரு முழம் தங்கூஸ் என்னும் நைலான் நூலைச் சேர்த்துக்கொள்ளலாம், பல் உரசலுக்கு அது போதும்.

மாமா காலத்தில் இரை என்றால் உயிர்த்தவளைதான். முதுகுத் தோலில் முள்ளைக் கோத்து இலைமேல் விடுவார்கள். அதைச் செய்யவேண்டாம் என்று இங்கே அழுத்திச் சொல்கிறேன். வயலில் பூச்சி தின்னும் பெருந்தவளை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்குத் தவளைக்கால் அனுப்புவதையே 1987இல் இந்தியா நிறுத்திவிட்டது. இன்று கிடைக்கும் உள்ளீடற்ற ரப்பர் தவளை, வேலையிலும் உயிர்த்தவளைக்குக் குறைந்ததில்லை. அதன் இரண்டு முட்களும் மேல்நோக்கி, முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். இலைமேல் இழுத்தால் எதிலும் மாட்டாது. விரால் கவ்வும்போது ரப்பர் நசுங்கும், முள் வெளியே நீட்டும். கடையில் வாங்கும்போது கட்டைவிரலால் அதன் முதுகை அழுத்திப் பாருங்கள். மெல்ல அழுத்தியதுமே முட்கள் முழுதாக வெளியே வரவேண்டும். வராவிட்டால் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். அந்த ரப்பரை நசுக்கும் வேலையை மீனின் தாடைதானே செய்யவேண்டும்?

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. தண்ணீர் வெடித்ததும் கை தானாக ராடை வெட்டி இழுத்துவிடும், தவளை வெறுமனே பறந்து வரும். விரால் கீழிருந்து வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிறது. மேலே மிதக்கும் இரை என்றால் பாதித் தண்ணீர், பாதிக் காற்று. உறிஞ்சல் பலவீனப்படும், இரை உதட்டிலேயே நிற்கும். அதை உள்ளே தள்ளி வாயை மூடித் திரும்ப அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நூலில் கனம் தெரிந்த பிறகு இழுக்கவேண்டும். நான் இதைப் பழக இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

அடுத்தது செடிகொடி. நக்கீரர் சொன்ன ஆம்பலும் வள்ளையும் இன்றும் உண்டு. அவற்றோடு ஆகாயத்தாமரை, சம்பு, நெய்வேலிக் காட்டாமணக்கு, ஏரிக்குள்ளேயே வேர்விட்டு நிற்கும் சீமைக்கருவேலம் எல்லாம் சேர்ந்துவிட்டன. முள் பட்ட விரால் திறந்த நீரில் ஓடாது, நேரே இந்தப் புதருக்குள் நுழையும். நூலைத் தேர்ந்தெடுக்கும்போது மீனின் எடையைவிட இந்தப் புதரின் எடையைத்தான் மனதில் வைக்கவேண்டும். ஒன்றரைக் கிலோ மீனோடு நாலு கிலோ தாமரையையும் சேர்த்து இழுக்கப்போகிறோம்.

சிறுவயதில் நாங்கள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் நைலான் நூலைத்தான் தூண்டிலுக்குக் கட்டினோம். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அதில் ஒரு துண்டு கிடைக்கும். தோலைத் தைக்க அருமையான நூல்; தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு கந்தலாகும். தங்கூஸும் அதே நைலான்தான். ஆனால் தையல் நூல் பல நுண்ணிழைகளை முறுக்கியது. தங்கூஸ் உருக்கி இழுத்த ஒற்றை இழை. இழுக்கும்போது அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நீளவாக்கில் வரிசைப்படுவதால்தான் அந்த மெல்லிய இழைக்கு அவ்வளவு பலம். ஒற்றை இழை என்பதால் தனக்கென்று ஒரு விறைப்பு உண்டு, எளிதில் சிக்காது. ஒரு குறை: நைலான் தண்ணீரைக் குடிக்கும். நனைந்த தங்கூஸ் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்து, ரப்பர்போல நீளும். இருபது மீட்டர் தூரத்தில், தாமரை இலைக்கு நடுவில் மீன் கவ்வும்போது நீங்கள் கையில் கொடுக்கும் வெட்டு அந்த நீட்சியிலேயே கரைந்துபோகும். முள் இறங்காது.

அதனால் விராலுக்குப் பின்னல் நூல், கடைக்காரர்கள் சொல்லும் பிரெய்டு. அது நைலான் அல்ல, மிக நீண்ட சங்கிலிகள் கொண்ட பாலிஎத்திலீன். தண்ணீரைக் குடிக்காது, அதில் மிதக்கும், நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் நீளாது. 30 பவுண்டு தாங்கும் தங்கூஸ் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கும். பின்னல் நூலில் அதே பலம் ஏறக்குறைய அதில் பாதித் தடிமனில் கிடைக்கும். இலைத்தண்டை ரம்பம்போல் அறுத்துக்கொண்டு வரும். நம் ஏரிகளுக்கு 40, 50 பவுண்டு நூல் அதிகமில்லை. வழுவழுப்பான நூல் என்பதால் முடிச்சு நழுவும். சுற்றுகளைக் கூட்டிப் போடவேண்டும். இறுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். இந்தப் பாலிஎத்திலீன் 150 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். உலர்ந்த முடிச்சை வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூடே அதைத் தளர்த்திவிடும். மாமா நூலை வாயில் வைத்து நனைத்ததைப் பார்த்து, அது ஏதோ சாமி காரியம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி தடி. இதில் நின்று நிதானமாகப் பேச ஆசை.

மாமாவின் தடி ஜவ்வாது மலையிலிருந்து வந்த கல்மூங்கில். மற்ற மூங்கில்போல் உள்ளே கூடாக இராது. ஏறக்குறைய கெட்டியாகவே இருக்கும். வெட்டியதும் சில வாரம் குட்டையில் ஊறப்போடுவார். மாவுச்சத்து கரைந்து போனால் துளைப்பூச்சி நாடாது. அப்புறம் நிழலில் காயவைத்து, கோணல் இருக்கும் கணுவை நெருப்பில் வாட்டி, முழங்காலில் கொடுத்து நிமிர்த்துவார். சூட்டில் மரத்தின் லிக்னின் இளகும், ஆறியதும் புது வடிவத்தில் இறுகும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பார்: மேல்தோலைச் சீவக்கூடாது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. காரணம் மூங்கிலின் குறுக்குவெட்டில் இருக்கிறது. வலுவான நார்கள் வெளிச்சுற்றில் நெருங்கியும் உள்ளே போகப்போக விலகியும் அமைந்திருக்கின்றன. ஒரு தடி வளையும்போது அதிக இழுவிசையைத் தாங்குவது வெளிப்புறம்தான். எங்கே பலம் தேவையோ அங்கே மட்டும் பலத்தை வைத்திருக்கிறது மூங்கில். தோலைச் சீவினால் அதன் முதலையே எடுத்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் 1840களில் சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கிக் கைவினைஞர் மூங்கிலைப் பட்டையாகக் கீறி, நார் நிறைந்த வெளிப்புறம் வெளியே இருக்குமாறு ஒட்டித் தூண்டில்தடி செய்தார். அவர் பயன்படுத்தியதற்குக் கல்கத்தா மூங்கில் என்று பெயர், இந்தியாவிலிருந்து கப்பலேறியது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘இந்தியாவில் தூண்டில்’ என்ற நூலையும், 1887இல் நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு நூலையும் ஆங்கிலத்தில் எழுதியது மூங்கில் தடியின் காலத்தில்தான். பிறகு கண்ணாடி இழை வந்தது, 1970களில் கார்பன் இழை வந்தது. பொருள் மாறினாலும் தடி செய்யும் வேலை மாறவில்லை.

அந்த வேலை என்ன? தடி மீனைத் தூக்கும் நெம்புகோல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிடித்திருப்பவருக்கு எதிராக வேலை செய்யும் நெம்புகோல். 7 அடித் தடி, அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர். அடிமுனை வயிற்றில் ஊன்றியிருக்கிறது. இடது கை அதிலிருந்து 40 சென்டிமீட்டர் மேலே பிடித்திருக்கிறது. நுனியில் மீன் 1 கிலோ கனத்துக்கு இழுத்தால் அந்தக் கை தாங்கவேண்டியது 5 கிலோவுக்கு மேல். பைக்குக்குப் பயன்படும் 12 அடித் தடியாக இருந்தால் 9 கிலோ. திறந்த ஏரியில் தூர வீசிவிட்டு நிதானமாக மீனை ஓடவிட்டுப் பிடிப்பவர்களுக்கு அந்த நீளம் சரி. புதருக்குள் ஓடுகிற மீனை முதல் மூன்று நொடியில் திருப்பவேண்டிய நமக்கு அது பாரம். ஆறரை அடி முதல் ஏழரை அடி வரை போதும். கருவேலங்கிளைக்கு அடியில் வீசவும் அதுதான் வசதி.

பின் எதற்குத்தான் தடி? வெறுங்கையால் நூலை இழுத்துப் பிடித்தால் தெரியும். ஒன்றரைக் கிலோ விரால் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் 3 ஜூல். நீளாத நூலும் வளையாத கையும் அதை 2 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் நூலில் விழும் சராசரி விசை 150 நியூட்டன், ஏறக்குறைய 15 கிலோ. அதே பாய்ச்சலைத் தடி வளைந்து கொடுத்து 30 சென்டிமீட்டரில் நிறுத்தினால் வெறும் 1 கிலோ. உதடு கிழியாது, முடிச்சு தெறிக்காது. தடி ஒரு வில். அதிர்ச்சியை வாங்கித் தவணை தவணையாகத் திருப்பிக் கொடுக்கிறது. வளைந்த தடியின் நுனி நம் பக்கம் நெருங்கி வருவதால் நெம்புகோலின் நீளமும் குறைகிறது, கைக்குக் கனமும் குறைகிறது.

தடியின் பலத்தை அளக்கப் பழைய இங்கிலாந்துக்காரர்களிடம் எளிய முறை ஒன்று இருந்தது. அடிமுனையைக் கிடையாகக் கட்டி, நுனி செங்குத்தாகக் கீழ்நோக்கும்வரை கனம் தொங்கவிட வேண்டும். அந்தக் கனமே தடியின் அளவு. பைக்குக்கு இரண்டரை முதல் மூன்று பவுண்டு. அதை ஐந்தால் பெருக்கினால் ஏற்ற நூலின் பலம் வரும் என்பார்கள். விராலுக்கு இந்தக் கணக்கு பொய்க்கும். நாம் நூலைத் தடிக்காக எடுப்பதில்லை, தாமரைக்காக எடுக்கிறோம். அதனால் நூல் எப்போதும் தடியைவிடப் பலமாக இருக்கும், வரம்பு மீறினால் ஒடிவது தடிதான். முள் மரத்தில் மாட்டிக்கொண்டால் தடியை வளைத்து இழுக்காமல், நூலை ஒரு குச்சியில் சுற்றி நேராக இழுங்கள். விரலில் சுற்றவே கூடாது. பின்னல் நூல் சதையை அறுக்கும்.

நுனி நாலு விரல் மட்டும் இளகலாகவும் மீதி விறைப்பாகவும் இருக்கும் தடி வேண்டும். இளகிய நுனி தவளையைத் துள்ளவைக்கும், விறைத்த நடு முள்ளை இறக்கும். ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பிரேக் உறுதியாக நிற்கவேண்டும், தளர்ந்த நூலை வேகமாகச் சுற்றவேண்டும். காசு குறைவென்றால் ரீலில் மிச்சம் பிடியுங்கள், நூலிலும் முள்ளிலும் பிடிக்காதீர்கள். மெல்லிய சாமானோடு பெரிய மீனிடம் போவதை வீரமாகச் சொல்கிறார்கள். நூல் அறுந்து, வாயில் முள்ளோடும் பின்னால் தொங்கும் நூலோடும் ஓடும் விரால் எங்காவது செடியில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. அதன் கதை அங்கே முடிந்தது. பலமான சாமான்தான் மீனுக்கும் இரக்கம்.

எந்த ஏரி என்ற கேள்வியைக் கடைசியில் வைத்தாலும், வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. தோல் பதனிட இங்கே பெரும்பாலும் குரோமியம் உப்பு பயன்படுகிறது. பழைய முறையில் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரில் போகும். பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கும் சாதாரண உப்பு அதைவிட அதிகமாகப் போகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவுசெய்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய வழக்கு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் மண்ணில் இறங்கியது அவ்வளவு சீக்கிரம் போகாது.

இந்த இடத்தில் விராலின் மூச்சு நம்மை ஏமாற்றக்கூடும். கழிவு கலந்த நீரில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். கெண்டை செத்து மிதக்கும். காற்றைக் குடிக்கும் விராலும் கொரவையும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மட்டும் உயிரோடு சுற்றும். “மீன் இருக்குதே, தண்ணி நல்ல தண்ணிதான்” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மீன் அங்கே இருப்பது தண்ணீரின் நலத்துக்குச் சாட்சி ஆகாது. செவுளிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உலோகம் சேர்ந்துகொண்டேயிருக்கும். தோல் ஷாப்புக் கால்வாய் வந்து சேரும் எந்த நீரிலும் சமையலுக்காகத் தூண்டில் போடாதீர்கள். குடியாத்தத்துக்கு மேலே மோர்தானா, ஜவ்வாது அடிவாரத்தில் ஆண்டியப்பனூர் என்று தொழிற்சாலைகளுக்கு மேற்புறத்து நீர்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் ஏரிக் குத்தகைதாரரைக் கேட்டுவிட்டுப் போடுவது முறை.

போன ஆண்டு அக்கா மகனுக்குத் தடி வாங்கினோம். வீட்டு ஜன்னல் கம்பியில் அடிமுனையைக் கிடையாகக் கட்டி, நுனியில் இரண்டு லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு, அவன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினான். பாட்டில் முக்கால் நிறைந்தபோது நுனி நேர்கீழே பார்த்தது. ஒன்றரைக் கிலோ என்று சுவரில் எழுதிவைத்தான். மழை பெய்து ஏரி கோடி போன மறுவாரம் கிளம்பினோம்.

கரையேறியதும் அவன் கையைக் காட்டினான். “மாமா, அங்க பாரு, தண்ணி செவப்பா கீது.” ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் செங்கல் நிறத்தில் துடித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். ஆயிரமாவது இருக்கும், எல்லாம் ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்கி, ஒன்றாகக் கீழே போயின. அவற்றுக்கு அடியில் தகப்பன் விரால் காவல் நிற்கும். அந்தச் சிவப்புக்கு நடுவே தவளையை வீசினால் பசி இல்லாவிட்டாலும் கோபத்தில் வந்து கவ்வும். பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். அதைத் தூக்கிவிட்டால் அரைமணி நேரத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் அந்தக் கூட்டத்தைத் துடைத்துவிடும். பையன் வீசுவதற்காகத் தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தான். நான் காரணத்தைச் சொன்னேன். தவளையைத் தடியின் வளையத்தில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எத்தினி நாளு இப்படிக் காவல் காக்கும் மாமா?”

“குஞ்சு நெறம் மாறிப் பிரிஞ்சு போறவரைக்கும்.”

மதகுப் பக்கம் நடந்தோம். அங்கே சம்புக்கு ஓரமாக ஒரு ‘க்ளுக்’ கேட்டது; நான் சொல்வதற்கு முன் அவனே நின்றுவிட்டான்.